ஜெனரேட்டர் மேல, பம்ப் கீழ

போன வாரம் ஆபீஸ்ல ஒரு சர்வர் படுத்துடுச்சு. பேக்கப் இருந்தது. ஆனா அதைத் திறக்கிற பாஸ்வேர்டு, படுத்த அதே சர்வர்ல இருந்தது! கிளையன்ட் ரெண்டு மணி நேரம் காத்திருந்தார், அவ்வளவுதான். இதே தப்பு ஒரு ஆஸ்பத்திரியில நடந்தா?

2012 அக்டோபர் 29, நியூயார்க். சாண்டி புயல் கரையைக் கடந்த இரவு. மன்ஹாட்டன்ல ஆத்தோரமா இருக்கிற பெல்வியூ ஆஸ்பத்திரியோட ஜெனரேட்டர்கள் 13-வது மாடியில பத்திரமா இருந்தன. ஆனா அதுக்கு எரிபொருளை மேலே ஏத்துற பம்ப் அடித்தளத்துல. வெள்ளம் புகுந்ததும் பம்ப் போச்சு. மேலே எஞ்சின் ஓடுது, டாங்க் காலியாகிட்டே வருது.

ஐசியு பொறுப்பில் இருந்த டாக்டர் லாரா எவன்ஸுக்கு ஒரு தகவல் வந்தது. ஜெனரேட்டர் நின்னா அவங்க பிரிவுல ஆறு பிளக் பாயிண்டுக்குத்தான் கரண்ட். நோயாளிகள் சுமார் 50 பேர். அந்த ஆறு யாருக்கு? சக மருத்துவர்களோட உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டாங்க. இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்ச நேரம் ஸ்க்ரோல் பண்ணவே கை வரல.

பட்டியல் தேவைப்படல. ஊழியர்களும் நேஷனல் கார்டு வீரர்களும் படிக்கட்டுல வரிசையா நின்னு, எரிபொருளைக் கைமாத்திக் கைமாத்தி 13 மாடி ஏத்தினாங்க. அப்புறம் நோயாளிகளைக் கீழே இறக்கி வேற ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினாங்க. பக்கத்துல இருந்த என்.ஒய்.யு. லாங்கோன்லயும் அன்னிக்கு ராத்திரி கரண்ட் போச்சு. ஒன்பதாவது மாடியில இருந்து 20 பச்சைக் குழந்தைகளை நர்ஸுகள் நெஞ்சோட அணைச்சு இறக்கினாங்க. சில குழந்தைகளுக்கு வழி முழுக்க பையைக் கையால அழுத்தித்தான் மூச்சு.

எரிச்சல் என்னன்னா, 2005 கத்ரீனாவுலயே நியூ ஆர்லியன்ஸ் மெமோரியல் ஆஸ்பத்திரியில இதேதான். ஜெனரேட்டர் உயரத்துல, மின்சாரத்தை மாத்தி அனுப்புற ஸ்விட்சுகள் தாழ்வா. ஜெனரேட்டர், எரிபொருள், பம்ப், ஸ்விட்ச், வயர் எல்லாம் சேர்ந்ததுதான் பேக்கப். இதுல எது தாழ்வா இருக்கோ, தண்ணிக்கு அதுதான் வாசல்.

எங்க பாட்டிக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர். அது கரண்ட்ல ஓடுறது; இன்வெர்ட்டர் பேட்டரி தரையில இருந்தது. நேத்து அதைத் தூக்கி லாஃப்ட் மேல வச்சேன். கரண்டே வேண்டாத ஒரு சிலிண்டரும் இருக்கு. திறக்கிற சாவி எங்கேன்னு கேட்டேன். வீட்ல யாருக்கும் தெரியல.