புது வீட்டைச் சோதிப்பது எப்போது?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்) மாணவர், சாயல்குடி

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. கட்டுவதிலுள்ள துன்பத்தை அது சொல்லுகிறது. கட்டிய வீட்டை எப்போது சோதிக்க வேண்டும் என்பதை அது சொல்லவில்லை. கால் கிலோ கத்தரிக்காயைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கும் நாம், ஆயுள் முழுதும் உழைத்த பணத்தில் எழுப்பிய வீட்டை மட்டும் வெள்ளையடித்த அழகைக் கண்டு ஏற்றுக்கொள்கிறோம். இதனால் வரும் இழப்பை எங்கள் வீட்டிலேயே கண்டவன் என்ற முறையில் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் வீடு

என் தந்தை கருவேலங்கரி மூட்டம் போடும் தொழிலாளி. ஓலைக் கூரையில் இருந்த எங்களுக்கு 2022 ஆவணியில் காங்கிரீட் வீடு அமைந்தது. பால் காய்ச்சிய அன்றே என் தந்தை ஒப்பந்தக்காரருக்கு வேட்டி துண்டு வைத்து, கடைசித் தவணையையும் எண்ணிக் கொடுத்தார். "நல்ல நாள்ல பாக்கி வைக்கக் கூடாதுப்பா" என்றார். ஐப்பசி மழையில் தளம் ஒழுகியது. மறு ஆண்டு சன்ஷேடின் அடியில் பூச்சு பெயர்ந்து, துருவேறிய கம்பி வெளியே தெரிந்தது. என் தந்தை பலமுறை அலைந்தும் ஒப்பந்தக்காரர் வரவில்லை.

உப்பு செய்யும் வேலை

சிமெண்டின் காரத்தன்மை, உள்ளிருக்கும் கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. குளோரைடு அப்படலத்தை உடைத்துவிடும். பின் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கொள்வதால், காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். கடற்கரை ஊர்களில் இக்குளோரைடு கலவை நீரிலிருந்தும் வரும், காற்றிலிருந்தும் வரும். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தை ஓயாமல் பராமரித்தும் உப்பரிப்பு விடவில்லை. 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. பராமரிப்போர் உள்ள பாலத்திற்கே அந்நிலை என்றால், நம் வீட்டுச் சன்ஷேடு எம்மாத்திரம்?

சோதிக்க வேண்டிய காலங்கள்

வீட்டைச் சோதிப்பது ஒரு நாள் வேலையன்று. பூச்சும் வண்ணமும் குறைகளை மூடிவிடும் என்பதால், மூடப்படும் முன்னரே ஒவ்வொன்றையும் பார்த்துவிட வேண்டும்.

முதலாவது, வானம் தோண்டும்போது. கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கங்களில் கரிசல் மண் மிகுதி. அது மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். கடக்கால் ஆழம் போதாவிட்டால் சுவர் வெடிக்கும். கட்டட நீரையும் அப்போதே சோதிக்க வேண்டும். கம்பி இடும் காங்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர நிர்ணயம்.

இரண்டாவது, தளம் போடுவதற்கு முந்திய நாள். கம்பியின் கனமும் இடைவெளியும் வரைபடப்படி உள்ளனவா, கம்பி பலகையில் படாதபடி கவர் கட்டைகள் வைத்துள்ளனரா என்று பார்க்க வேண்டும். தளம் போட்ட பின், நம் ஊர் வெயிலுக்குக் குறைந்தது 10 நாட்கள், கலப்புச் சிமெண்டானால் 14 நாட்கள், நீர் கட்டி நனைக்க வேண்டும்.

மூன்றாவது, பூச்சு வேலைக்கு முன். தூக்குக்குண்டு கொண்டு சுவரின் நேர்மையையும், மின்குழாய், நீர்க்குழாய் செல்லும் வழிகளையும் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம்.

நான்காவது, கடைசித் தவணை கொடுக்கும் முன். இது மிக முக்கியம். பகல் வெளிச்சத்தில், கதவு சன்னல்களைத் திறந்து மூடி, குளியலறையில் நீர் ஊற்றி, மொட்டை மாடியில் நீர் தேக்கிப் பார்த்து, குறைகளை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும். பூச்சைத் தட்டிப் பார்த்தால் பொள்ளலான இடம் வேறு ஓசை தரும்.

ஐந்தாவது, முதல் மழைக்காலம் கழிந்த மார்கழி, தை மாதங்களில். ஒழுக்கு, ஓதம், விரிசல் ஆகியவை அப்போதுதான் உண்மையாய்த் தெரியும். ஆகவே ஒரு சிறு தொகையை அதுவரை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நலம்.

புளியந்தோப்பு தந்த பாடம்

சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் அரசு 1,920 அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. 2021 ஆகஸ்டில், குடிவந்த மக்கள் கையால் தொட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்வதைக் காட்டினர். சட்டமன்றத்திலும் அது பேசப்பட்டது. அதன் பின்னரே சென்னை ஐ.ஐ.டி. வல்லுநர்கள் கட்டடத்தை ஆராய்ந்தனர். மக்கள் பெட்டி படுக்கையுடன் வந்த பிறகு நடந்த சோதனை, சாவி கொடுப்பதற்கு முன்னரே நடந்திருக்க வேண்டியதன்றோ?

சட்டம் தரும் காலம்

அடுக்குமாடி வீடு வாங்குவோர்க்கு 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம் துணை நிற்கிறது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையை எடுத்துக்காட்டினால், கட்டியவர் 30 நாட்களில் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் ஒப்பந்தக்காரரைக் கொண்டு கட்டுவோர், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். வழக்கெழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளே காலம். கொடுத்த தொகை 5 லட்சம் வரையானால் கட்டணமில்லை. ஆனால் ஒப்பந்தமும் ரசீதும் வேண்டும்.

இச்சட்டத்தை நான் அறிந்தபோது எங்களுக்கு இரண்டு ஆண்டு கடந்திருந்தது. ரசீதும் எங்களிடம் இல்லை.

முடிவுரை

இவ்வாண்டு நம் ஆய்வகத்தில் சில்வர் நைட்ரேட் கொண்டு குளோரைடை அளக்கக் கற்றோம். பேராசிரியரிடம் அனுமதி பெற்று, எங்கள் வீடு கட்டப் பயன்பட்ட கிணற்று நீரைச் சோதித்தேன். வரம்பை அது வெகுவாகத் தாண்டியிருந்தது. செய்தியை என் தந்தையிடம் சொன்னேன். சற்று நேரம் சன்ஷேடையே பார்த்திருந்தார். "இதத் தெரிஞ்சுக்கத்தாம்ப்பா படிக்க வச்சேன். கொஞ்சம் முந்தித் தெரிஞ்சிருக்கலாம்" என்றார்.

இப்போது என் சித்தப்பா வீடு கட்டப் போகிறார். வானம் தோண்டும் முன்பே இரண்டு கிணற்று நீரைப் புட்டியில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். நண்பர்களே, நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நாம் கற்றது தேர்வுத்தாளோடு நின்றுவிடாமல், நம் பெற்றோர் பணம் எண்ணிக் கொடுக்கும் முன் அவர்கள் அருகில் போய் நிற்கட்டும்.