உங்களுக்குத் தெரியுமா? ஜனவரி 1 சபதம் ஸ்பெஷல்!

"இந்த வருஷம் ஒழுங்காப் படிக்கிறேன்" என்று டைரியில் எழுதிவிட்டீர்களா? நியூட்டனும் எழுதினார், ஆனால் சபதம் அல்ல! 1662, கேம்பிரிட்ஜ். தான் செய்த தப்புகளை எல்லாம் வரிசையாகப் பட்டியல் போட்டார். யாரும் படித்துவிடக் கூடாதே, அதனால் சுருக்கெழுத்தில்! ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பலகாரம் சுட்டதுகூட அதில் ஒரு குற்றம். அப்போது அவருக்கு வயது 19!

பெஞ்சமின் பிராங்க்ளின் இன்னும் ஒரு படி மேலே! 13 நல்ல குணங்கள், வாரத்துக்கு ஒன்று என்று பயிற்சி. வருஷத்துக்கு நாலு சுற்று. பெருக்கிப் பாருங்கள், கச்சிதமாக 52 வாரம்!

சபதம் எடுத்து என்ன பிரயோஜனம் என்கிறாரா பக்கத்து வீட்டு அண்ணன்? இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 2002-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு இது. மாற வேண்டும் என்று ஆசைப்பட்டும் சபதம் எடுக்காதவர்களில், ஆறு மாதம் கழித்து ஜெயித்தவர்கள் 4 சதவீதம். சபதம் எடுத்தவர்களில்? 46 சதவீதம்!

"போனைத் தொடவே மாட்டேன்" என்பதா, "தினமும் ஒரு பாடம் முடிப்பேன்" என்பதா? இரண்டாவதே கெட்டி! ஸ்வீடனில் 1,000 பேருக்கு மேல் ஒரு வருஷம் தொடர்ந்து கவனித்துவிட்டார்கள். "மாட்டேன்" கட்சிக்கு வெற்றி 47 சதவீதம். "செய்வேன்" கட்சிக்கு 59!

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று யார் சொன்னது? 1960-ல் புத்தகம் எழுதிய ஒரு பிளாஸ்டிக் சர்ஜன்! ஆபரேஷன் முடிந்தவர்களுக்குத் தங்கள் புது முகம் பழக ஆன நாள் கணக்கு அது. படிப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை!

நிஜக் கணக்கு லண்டனில் கிடைத்தது. 96 பேரிடம் பார்த்தார்கள். ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254 நாள் வரை இழுக்கும். சராசரி 66! நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதா? பழக்கம் கெடவில்லை, மறுநாள் தொடர்ந்தாலே போதும். ஜனவரி 1-ல் ஆரம்பித்தால் 66-ஆவது நாள் எது தெரியுமா? மார்ச் 7. சரியாக பிளஸ் டூ தேர்வு சீசன்!

ஜெர்மனியில் மாணவர்களுக்கு கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை கொடுத்தார்கள். 48 மணி நேரம் கெடு. சும்மா "எழுதுகிறேன்" என்றவர்களில் மூன்றில் ஒருவர்தான் முடித்தார். எந்த நேரம், எந்த இடம் என்று முன்கூட்டியே குறித்துவைத்தவர்களில் நான்கில் மூன்று பேர்!

அடுத்ததுதான் எங்கள் செல்லத் தகவல், நிதானமாகப் படியுங்கள்! 2006, அமெரிக்கா. ஒரு பகுதியை ஒரு குழு திரும்பத் திரும்பப் படித்தது. சராசரியாக 14 தடவை! இன்னொரு குழு மூன்று நான்கு தடவைதான் படித்தது. பிறகு தாளை மூடிவிட்டு ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷத்தில் தேர்வு வைத்தால் 14 தடவை குழுதான் முதலிடம். அவர்களுக்கு 83 சதவீதம், மற்றவர்களுக்கு 71! எல்லாம் மண்டையில் ஏறிவிட்டது என்ற தெம்பும் அவர்களுக்கே அதிகம். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தால்? அப்படியே தலைகீழ்! 14 தடவை படித்தவர்கள் 40 சதவீதம். மூடிவைத்து எழுதியவர்கள் 61!

தேர்வு அறைக்குள் நுழையும்முன் வயிறு கலங்குகிறதா? ஒரு பேப்பரை எடுத்து, பயத்தை எல்லாம் அப்படியே கொட்டி எழுதுங்கள். 2011-ல் சிகாகோ ஆய்வாளர்கள் இதைச் செய்து பார்த்தார்கள். அதிகம் பயப்படும் பிள்ளைகளின் மார்க் ஏறியது. ஆன நேரம் 10 நிமிஷம்!

பதற்றமா? "எனக்கு உற்சாகமா இருக்கு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்! ஹார்வர்டில் பாட்டுப் பாட வைத்தே சோதித்தார்கள். "பதற்றமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாடியவர்களின் துல்லியம் 53 சதவீதம். "உற்சாகமா இருக்கு" என்றவர்களுக்கு 81!

25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ஓய்வு. உலகமே கொண்டாடும் இந்த பொமோடோரோ முறையைக் கண்டுபிடித்தவர் ஒரு இத்தாலிய மாணவர். கருவி? சமையலறையில் கிடந்த தக்காளி வடிவ டைமர்!

லண்டன் டாக்ஸி லைசென்ஸுக்கு மனப்பாடம் செய்ய வேண்டிய தெருக்கள் சுமார் 25,000! பாஸானவர்களை ஸ்கேன் செய்தால், ஞாபகத்துக்கான மூளைப் பகுதி வளர்ந்தே இருந்தது!

பெயிலானால் கதை முடிந்ததா? கும்பகோணத்துப் பையன் ஒருவர் கணக்கில் புலி, மற்ற பாடங்களில் கோட்டை விட்டார். ஸ்காலர்ஷிப் போனது. சென்னைக்கு வந்து மறுபடி எழுதினார், மறுபடி பெயில்! சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை, மாதம் 30 ரூபாய். அங்கிருந்தபடியே கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் போட்டார். உள்ளே பக்கம் பக்கமாகத் தேற்றங்கள்! 1918-ல் லண்டன் ராயல் சொசைட்டியே அவரை உறுப்பினராக்கியது. ஆமாம், நம்ம ராமானுஜன்! அந்தக் கடிதத்தின் தேதி தெரியுமா? 1913, ஜனவரி 16!