கடற்கரை மணலும் கரைவாழ் மக்களும்

வலியசாலையில் வாழும் நம்மவர்க்குத் தெற்கே மணவாளக்குறிச்சியும் வடக்கே கொல்லத்தை அடுத்த சவறாவும் தொலைவான இடங்கள் அல்ல. முன்னர் இரண்டும் திருவிதாங்கூர்ச் சீமையில் அடங்கியிருந்தன. 1956ஆம் ஆண்டு எல்லை வகுத்தபோது முன்னது தமிழகத்திற்கும் பின்னது கேரளத்திற்கும் சென்றன. ஆயினும் இரு கரைகளிலும் அலை ஒதுக்கும் கருமணல் ஒன்றே.

இம்மணலின் பெருமை வெளிப்பட்ட கதை சுவையானது. இங்கிருந்து செருமனிக்குச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்த சோம்பர்க் என்னும் வேதியியலார், 1909ஆம் ஆண்டில் அதில் மோனசைட்டு இருப்பதைக் கண்டார். தோரியம் தரும் கனிமம் அது. உடன் கிடைக்கும் இல்மனைட்டு, வெண்சாயத்திற்கு வேண்டிய டைட்டானியத்தைத் தருவது. விரைவிலேயே மணவாளக்குறிச்சியில் தொழிற்சாலை எழுந்தது. இன்று அத்தொழிலை நடத்துவது 1950இல் தோன்றிய இந்திய அருமண் நிறுவனம்.

சுரங்கத்தினால் ஊருக்கு நேரும் விளைவை முன்கூட்டியே மதிப்பிடவேண்டும் என்னும் சட்டவிதியோ 1994ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்குள் எண்பதாண்டுக் காலம் மணல் அள்ளியாகிவிட்டது! ஆலப்பாட்டு வழக்கின் சிக்கல் இதுவே. 1955ஆம் ஆண்டு நிலப்படத்தில் 89.5 சதுரக் கிலோமீட்டராக இருந்த தம் ஊர் இன்று 7.6 ஆகச் சுருங்கிவிட்டதென்று அங்குப் போராடுவோர் கூறுகின்றனர். கடல் தானே அரித்ததையும் கணக்கிடவேண்டும் என்பது மறுதரப்பு. எவ்வளவு கடலால், எவ்வளவு மணல் அள்ளியதால் என்று பிரித்துரைக்க வேண்டுமானால், தொடக்கத்திலேயே கரையை அளந்து வைத்திருத்தல் வேண்டும்.

அளந்து பார்த்தால் சில அச்சங்கள் நீங்கவும் கூடும். இயற்கையிலேயே கதிர்வீச்சு மிகுந்த கருநாகப்பள்ளி வட்டாரத்தில் ஏறத்தாழ 70,000 பேரைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தவர்கள், அதனால் புற்றுநோய் மிகுந்ததாகக் காணவில்லை என 2009இல் வெளியிட்டனர். இது கரையில் கிடக்கும் மணலைப் பற்றிய முடிவு. மணலைத் தோண்டிப் பிரித்தெடுக்கும் வேலையைப் பற்றியதன்று.

மக்களைக் கேட்பது எப்படி என்பதற்கு ஒடிசாவின் நியமகிரி சான்றாகும். அங்குப் பாக்சைட்டு வெட்டலாமா என்பதைக் கிராம சபைகளே ஆராயவேண்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கூடிய பன்னிரண்டு சபைகளும் மறுத்தன. மலையையே தெய்வமாக வணங்கும் தொங்கிரியா கோந்து மக்களுக்கு 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் துணை நின்றது. கடலோர மீனவர்க்கு அத்தகைய சட்டம் இல்லை. கரைமடி இழுப்பதும், வலை உலர்த்துவதும், கருவாடு காயவைப்பதும் மணலின் மேல்தான். எனினும் அவ்விடத்திற்குப் பட்டா ஏது?

கிள்ளியூர் வட்டத்தில் மிடாலம், கொல்லங்கோடு முதலிய ஊர்களில் 1,144 எக்டேர் பரப்பில் மணல் எடுக்கும் திட்டம் வந்தபோது, மீனவர் அச்சமும் எதிர்ப்பும் இதனைச் சுற்றியே எழுந்தன. 2024 அக்டோபரில் நிகழவிருந்த கருத்துக்கேட்பு தள்ளிவைக்கப்பட்டது. பின்னர், 2025 செப்டம்பரில் அணுக் கனிமச் சுரங்கங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து மத்திய அமைச்சகம் விலக்களித்தது. மோனசைட்டும் அணுக் கனிமமே.