ஊசி நின்ற பிறகும் கவனம் வேண்டும்

கோவை சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை பார்க்கும் மகன் வீட்டில் தங்கி, நுரையீரல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் இம்யூனோதெரபி ஊசியும் முடித்துவிட்ட ஒரு பெரியவர் என்று வைத்துக்கொள்வோம். சில மாதம் கழித்து இருமல் வருகிறது. "சத்தி ரோட்டுத் தூசிங்க" என்று பக்கத்து கிளினிக்கில் சொல்கிறார். ஆன்டிபயாடிக் கிடைக்கிறது. ஊசியைப் பற்றி அவரும் சொல்லவில்லை, டாக்டரும் கேட்கவில்லை.

அந்த இருமலுக்குக் காரணம் இம்யூனோதெரபி ஊசியால் வந்த நுரையீரல் அழற்சியாகவும் இருக்கலாம். புற்றணுக்கள் நம் எதிர்ப்பு அணுக்களை அடக்கி வைக்கின்றன. இம்யூனோதெரபி அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. விடுபட்ட அணுக்கள் சிலருக்குத் தைராய்டு, குடல், கல்லீரல், நுரையீரல் என்று சொந்த உடம்பையே தாக்கும். அபூர்வமாக இதயத் தசையையும் தாக்கும். அது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசி ஊசிக்குப் பல மாதம் கழித்தும் இவை வரலாம். தைராய்டு போன்ற சுரப்பிக் கோளாறுகள் தவிர மற்றவை, சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் ஸ்டீராய்டில் அடங்கும்.

நோய் முற்றியவர் இந்த அபாயத்தை ஏற்பதில் நியாயம் இருக்கிறது. ஆரம்ப நிலையில் இருப்பவரோ அறுவையிலேயே குணமாகியிருக்கக்கூடியவர். அவருக்குப் பக்கவிளைவால் ஆயுள் முழுக்கத் தைராய்டு மாத்திரையோ இன்சுலினோ என்றால் கணக்கே மாறிவிடுகிறது. அதனால்தான் ஆய்வுக்கு வெளியே, சாதாரண நோயாளிகளுக்கு என்ன நேர்கிறது என்பதைத் தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. நுரையீரல் புற்றுநோய் அறுவைக்கு முன் நிவோலுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கொடுக்க 2022-ல் அமெரிக்கா அனுமதித்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் இருந்தவர்கள் 358 பேர். அந்த மருந்து கிடைத்தது அதில் பாதிப் பேருக்கு. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் கோளாறு அதில் தட்டுப்படாமலே போகலாம். தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களை இப்படிப்பட்ட ஆய்வுகளில் பொதுவாகச் சேர்ப்பதும் இல்லை.

இந்தியாவில் மருந்துப் பக்கவிளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2010-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டிலிருந்து காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. அங்கு சேரும் தகவல்கள் சுவீடனின் உப்சாலாவில் உள்ள உலகத் தொகுப்புக்கும் போகின்றன. நோயாளியே நேரடியாகப் புகார் தரலாம். தமிழிலும் படிவம் உண்டு. மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகமே போதும். நோயாளியின் அடையாளம் ரகசியமாக வைக்கப்படும். நோயாளியே பதிவு செய்யலாம் என்பது பலருக்குத் தெரியாததுதான், என் பார்வையில், திட்டத்தின் பெரிய ஓட்டை.

மருந்தின் பெயரையும் கடைசி ஊசி போட்ட தேதியையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். மூச்சிரைப்பு, தொடர் இருமல், வயிற்றுப்போக்கு, நெஞ்சுவலி என்று எதற்காக எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைக் காட்டுங்கள். புற்றுநோய் டாக்டருக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். பக்கவிளைவைப் பதிவு செய்யக் கட்டணமில்லா எண்: 1800-180-3024.