மாதிரி உலங்கு வானூர்திகளில் பரப்பி மாற்றம்

மாதிரி உலங்கு வானூர்திகளில் பரப்பி மாற்றம் என்பது, வானொலி அலைகளால் கட்டுப்படுத்தப்படும் சிறிய உலங்கு வானூர்தி ஒன்றை அதுவரை இயக்கிவந்த பரப்பியை விடுத்து, வேறொரு பரப்பியைக் கொண்டு பறக்கவிடும் வகையில் மீண்டும் அமைத்தல் ஆகும். உலங்கு வானூர்தி பொது வழக்கில் ஹெலிகாப்டர் எனவும், பரப்பி டிரான்ஸ்மிட்டர் எனவும் அழைக்கப்படுகின்றன.

இது தொலைக்காட்சியின் தொலை இயக்கியை மாற்றுவது போன்றதன்று. மாதிரி உலங்கு வானூர்தியின் நடத்தையைத் தீர்மானிக்கும் அமைப்புகளில் பெரும்பகுதி வானூர்தியில் இல்லாமல் பரப்பியின் நினைவகத்திலேயே உள்ளது. எனவே பரப்பி மாறும்போது அந்த அமைப்புகளை முழுவதுமாகப் புதிதாக உருவாக்கிச் சோதிக்க வேண்டும்.

பரப்பியின் பணி

பறத்துநர் கையில் வைத்திருக்கும் பரப்பியில் இரு நெம்புகோல்களும் பல ஆளிகளும் இருக்கும். நெம்புகோல்களின் நிலை எண்களாக மாற்றப்பட்டு வானொலி அலை வழியாக வானூர்தியிலுள்ள ஏற்பிக்கு அனுப்பப்படுகின்றது. ஏற்பி அவற்றைத் துடிப்புகளாக மாற்றி, செர்வோ எனப்படும் சிறு இயக்கிகளுக்கு அளிக்கின்றது. துடிப்பின் அகலம் ஏறத்தாழ 1 மில்லிநொடி முதல் 2 மில்லிநொடி வரை மாறும். நடுநிலை ஏறத்தாழ 1.5 மில்லிநொடி ஆகும். ஒவ்வொரு கட்டளையும் செல்லும் வழி கட்டுப்பாட்டுத் தடம் எனப்படுகின்றது.

நிலைத்த இறக்கை கொண்ட மாதிரி விமானத்தில் பொதுவாக ஒரு நெம்புகோல் அசைவு ஒரு பரப்பையே அசைக்கும். உலங்கு வானூர்தியில் நிலைமை வேறு. இடவல நெம்புகோல் ஒன்றை உயர்த்தும்போது சுழலித் தகடுகளின் கோணமும் பொறியின் ஆற்றலும் ஒரே நேரத்தில் மாற வேண்டும். பல வானூர்திகளில் சுழலியின் கீழுள்ள சுவாஷ் தட்டை மூன்று செர்வோக்கள் 120 பாகை இடைவெளியில் தாங்குகின்றன. தட்டு மேலெழ மூன்றும் சேர்ந்து அசைய வேண்டும். அது சாய அவை வெவ்வேறு அளவில் அசைய வேண்டும். இக்கணக்கீடு கலப்பு எனப்படுகின்றது.

அதிர்வெண் மாற்றத்தின் வரலாறு

ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் ஷ்லூட்டர் 1970 ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு உகந்த மாதிரி உலங்கு வானூர்தியை உருவாக்கிய முன்னோடிகளுள் ஒருவர். அக்காலத்தில் கலப்புகள் பெரும்பாலும் நெம்புகோல்களாலும் இணைப்புத் தண்டுகளாலும் செய்யப்பட்டன. நுண்செயலி கொண்ட பரப்பிகள் வந்தபின் அவை மென்பொருளுக்கு மாறின. ஒரே பரப்பியில் பல வானூர்திகளின் அமைப்புகளைச் சேமிக்கவும் முடிந்தது.

பல ஆண்டுகளாக அமெரிக்காவில் பறக்கும் மாதிரிகளுக்கு 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையும், பிரித்தானியா உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளில் 35 மெகாஹெர்ட்ஸ் பட்டையும் பயன்பட்டன. அமெரிக்காவின் 72 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் 11 முதல் 60 வரை எண்ணிடப்பட்ட 50 அலைவரிசைகள் இருந்தன. ஒருவர் பறக்கவிடும்போது அதே அலைவரிசையில் மற்றொருவர் தம் பரப்பியை இயக்கினால் வானிலுள்ள மாதிரி கட்டுப்பாட்டை இழந்துவிடும். இதனைத் தவிர்க்கக் கழகத் திடல்களில் ஒரு பலகை வைக்கப்பட்டது. அதிலுள்ள அலைவரிசை எண்ணுக்குரிய கவ்வியை வைத்திருப்பவர் மட்டுமே பரப்பியை இயக்கலாம் என்பது விதி.

2005 ஆம் ஆண்டில் ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் டிஎக்ஸ்6 பரப்பி, 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைச் சிறிய மாதிரிகளுக்குக் கொண்டுவந்தது. 2006 இல் வந்த டிஎக்ஸ்7 பெரிய மாதிரிகளுக்கும் ஏற்றதாக இருந்தது. ஃபுடாபா முதலிய நிறுவனங்களும் இப்பட்டைக்கு மாறின. இம்முறையில் ஒவ்வொரு பரப்பிக்கும் தனி அடையாள எண் உண்டு. ஏற்பி தனக்குரிய எண்ணைக் கொண்ட கட்டளையை மட்டுமே ஏற்கும். இதனால் பலர் ஒரே நேரத்தில் பறக்கவிட முடிந்தது. கவ்விப் பலகையின் தேவையும் குறைந்தது.

ஆண்டெனாவும் மாறியது. 72 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 4.2 மீட்டர், அதன் கால்பங்கு ஒரு மீட்டருக்குச் சற்று மேல். பழைய பரப்பிகளில் நீண்ட உலோக ஆண்டெனா இருந்தமைக்குக் காரணம் இதுவே. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர், அதன் கால்பங்கு ஏறத்தாழ 3 சென்டிமீட்டர். ஆனால் இக்குறுகிய அலைகளைக் கார்பன் இழைச் சட்டங்களும் மின்கலமும் எளிதில் மறைத்துவிடும். ஆகவே ஏற்பியின் இரு ஆண்டெனாக்களையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும், சட்டத்திற்கு வெளியே நீட்டியும் அமைப்பர்.

ஒத்தியல்பு

ஒரு நிறுவனத்தின் பரப்பி மற்றொரு நிறுவனத்தின் ஏற்பியுடன் பொதுவாக இணையாது. ஒரே நிறுவனத்தின் பொருட்களிலும் தலைமுறை வேறுபாடு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகளுக்குப் புதிய தரவிதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் எஃப்ஆர்ஸ்கை நிறுவனம் ஐரோப்பாவுக்கும் பிற நாடுகளுக்கும் வெவ்வேறு உள்மென்பொருட்களை வெளியிட்டது. பரப்பியிலும் ஏற்பியிலும் ஒரே வகை மென்பொருள் இல்லாவிடில் அவை பிணையா.

பழைய பரப்பிகள் சிலவற்றின் பின்புறத்தில் வானொலிப் பகுதி தனித் தொகுதியாகக் கழற்றக்கூடியதாக இருந்தது. அங்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் தொகுதியைப் பொருத்தினால், நெம்புகோல்களும் நினைவகமும் அப்படியே இருக்க, அலை மட்டும் மாறும். இதுவே மிகக் குறைந்த மறுஅமைப்புத் தேவைப்படும் வழியாக இருந்தது.

அமைப்புகளை மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

பழைய பரப்பியின் திரையிலுள்ள எண்களை அப்படியே புதியதில் எழுதுவது போதாது. ஒரே எண் இரு கருவிகளில் வெவ்வேறு பொருள் தரலாம்.

தட வரிசை: ஃபுடாபா முறையில் திராட்டில் மூன்றாம் தடத்தில் உள்ளது, ஜேஆர், ஸ்பெக்ட்ரம் முறைகளில் அது முதல் தடத்தில் உள்ளது. ஏற்பியை மாற்றும்போது கம்பிகளை அதற்கேற்ப இடம் மாற்ற வேண்டும்.

திராட்டில் திசை: ஃபுடாபா பரப்பிகளில் திராட்டில் தடம் மற்றப் பல நிறுவனங்களின் பரப்பிகளுக்கு எதிர்த் திசையில் இயங்கும். இதைத் திருப்பாவிட்டால் நெம்புகோல் கீழே இருக்கும்போது முழு ஆற்றலுக்கான கட்டளை செல்லும். மின்னோடியின் வேகக் கட்டுப்படுத்திகள் பலவும் இந்நிலையில் இயங்க மறுக்கும். எரிபொருள் பொறியின் திராட்டில் செர்வோவுக்கு அத்தகைய காப்பு இல்லை.

அசைவின் அளவு: ஸ்பெக்ட்ரம் பரப்பியில் 100 விழுக்காடு என்பது 1100 முதல் 1900 மைக்ரோநொடி வரையிலான துடிப்பு. ஓப்பன்டிஎக்ஸ் என்னும் திறமூல மென்பொருளில் அதுவே 988 முதல் 2012 வரை ஆகும். எண்ணை மட்டும் நகலெடுத்தால் தகட்டுக் கோணம் கூடிவிடும். இணைப்புகள் முட்டிக்கொள்ளவும் கூடும். கோணத்தை அளவியால் நேரடியாக அளப்பதே முறை.

நடுநிலை: ஃபுடாபாவின் நடுநிலை 1520 மைக்ரோநொடி, வேறு பலவற்றில் 1500. இவ்வேறுபாடு சிறிதாயினும், வாலைக் கட்டுப்படுத்தும் கைரோ அதனைத் திரும்பும் கட்டளையாகக் கொள்ளக்கூடும். அப்போது நெம்புகோலைத் தொடாமலே வானூர்தி மெல்லத் திரும்பும்.

கலப்பு: சமநிலைத் தண்டு இல்லாத வானூர்திகளில் சுவாஷ் தட்டின் கலப்பை வானூர்தியிலுள்ள மின்னணுக் கட்டுப்படுத்தியே செய்கின்றது. அங்கே பரப்பியின் சுவாஷ் வகையைக் கலப்பற்ற நிலையில் வைக்க வேண்டும். இரு இடங்களிலும் கலப்பு நிகழ்ந்தால் தட்டு தவறான திசையில் சாயும்.

வளைவுகள்: திராட்டில் வளைவு, கோண வளைவு ஆகியவை ஒவ்வொரு பறப்பு நிலைக்கும் தனித்தனியே உள்ளன. தலைகீழாகப் பறப்பதற்கான நிலையில் நெம்புகோல் கீழே இருந்தாலும் பொறி உயர் ஆற்றலிலேயே இயங்கும். ஆகவே அந்நிலைக்குரிய ஆளி இயக்கத்தில் இருக்கும்போது எச்சரிக்கை ஒலிக்குமாறு பரப்பியை அமைத்தல் நன்று.

பிணைத்தலும் பாதுகாப்பு நிலையும்

ஏற்பிக்குப் பரப்பியின் அடையாள எண்ணைக் கற்பித்தல் பிணைத்தல் எனப்படுகின்றது. அலைத் தொடர்பு அறுந்தால் ஏற்பி எடுக்க வேண்டிய நிலை பாதுகாப்பு நிலை ஆகும். பல முறைகளில் இது பிணைக்கும்போதே பதிவாகின்றது. உலங்கு வானூர்தியில் திராட்டில் முற்றிலும் நின்ற நிலையே பாதுகாப்பு நிலையாக இருக்க வேண்டும். தொடர்பு அறுந்த வானூர்தி எவ்வாறாயினும் விழும். பொறி நின்றிருந்தால் அது செய்யும் சேதம் குறையும். திராட்டில் திசையைத் திருப்பிய பின்னர் மீண்டும் பிணைக்காவிட்டால், பழைய திசைக்குரிய மதிப்பே பாதுகாப்பு நிலையாக நிலைத்திருக்கக்கூடும்.

ஆபத்து

700 மில்லிமீட்டர் தகடுகள் கொண்ட வானூர்தியின் சுழலி நிமிடத்திற்கு 2000 முறை சுழலும்போது, தகட்டு நுனியின் வேகம் ஏறத்தாழ நொடிக்கு 165 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் ஆகும். 2013 செப்டெம்பரில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதிப் பூங்கா ஒன்றில், 19 வயது இளைஞர் தாம் பறக்கவிட்ட மாதிரி உலங்கு வானூர்தி தாக்கி உயிரிழந்தார். இவ்வகை வானூர்தி விளையாட்டுப் பொருள் அன்று என்பதை இந்நிகழ்வு உணர்த்துகின்றது. அமைப்பிலுள்ள பிழை மேசைமீது கண்டுபிடிக்கப்பட வேண்டுமேயன்றி, தகடுகள் சுழலும்போது அன்று.

சோதனை ஒழுங்கு

முதன்மைத் தகடுகளையும் வால் தகடுகளையும் கழற்றி, மின்னோடியின் கம்பிகளைத் துண்டித்த பின்னரே சோதனை தொடங்கும். பரப்பியை முதலில் இயக்கி, பின்னரே வானூர்திக்கு மின்சாரம் தர வேண்டும். நிறுத்தும்போது இவ்வரிசை தலைகீழாகும்.

1. கோண நெம்புகோலை உயர்த்தும்போது தகடுகளின் கோணம் கூடுகின்றதா, சாய்வுக் கட்டளையின் திசையிலேயே சுவாஷ் தட்டு சாய்கின்றதா எனப் பார்த்தல்.
2. வானூர்தியின் மூக்கைக் கையால் இடப்புறம் திருப்பினால், வால் செர்வோ வலப்புறக் கட்டளைக்கு அசையும் திசையிலேயே அசைகின்றதா எனப் பார்த்தல். கைரோவின் திசை தவறாக இருந்தால் வானூர்தி எழும்பியவுடன் கட்டற்றுச் சுழலும்.
3. எல்லாப் பறப்பு நிலைகளிலும் திராட்டில் ஹோல்ட் ஆளி பொறிக்கான கட்டளையை நிறுத்துகின்றதா எனப் பார்த்தல்.
4. மின்னோடியை மீண்டும் இணைத்து, தகடுகள் இல்லாத நிலையிலேயே மெதுவாக ஓடவிட்டுப் பரப்பியை அணைத்தல். மின்னோடி நிற்க வேண்டும்.
5. பரப்பியின் ஆற்றலைக் குறைக்கும் சோதனை நிலையில், ஏறத்தாழ 30 மீட்டர் தொலைவிலும் செர்வோக்கள் தடையின்றி இயங்குகின்றனவா எனப் பார்த்தல்.

இவை நிறைவேறியபின் தகடுகளைப் பொருத்தி, திறந்த வெளியில், தாழ்வாக ஓரிடத்தில் நிற்கும் பறப்பே முதலில் செய்யப்படும்.

பறத்துநரின் பழக்கம்

நெம்புகோல்களின் பணிப்பகிர்வும் சரிபார்க்கப்பட வேண்டும். முதலாம் முறையில் திராட்டிலும் தகட்டுக் கோணமும் வலக் கையிலும், இரண்டாம் முறையில் இடக் கையிலும் உள்ளன. முறை ஒன்றாகவே இருந்தாலும் நெம்புகோலின் இறுக்கமும் ஆளிகளின் இடமும் கருவிக்குக் கருவி வேறுபடும். ஆபத்து நேரும்போது பறத்துநர் ஆளியைப் பார்த்து அழுத்துவதில்லை. விரல் பழகிய இடத்திற்கே செல்லும். அவ்விடத்தில் புதிய பரப்பியில் வேறொரு ஆளி இருந்தால் பொறி நிற்காது. ஆகவே திராட்டில் ஹோல்ட் ஆளியை இயன்றவரை பழைய இடத்திலேயே ஒதுக்குவதும், பறக்கும் முன் தரையில் அதனைப் பலமுறை பழகுவதும் வழக்கம். கணினியில் இயங்கும் பறப்புப் பாவிப்பு மென்பொருளுடன் புதிய பரப்பியை இணைத்துப் பழகுவதும் இதற்கு உதவும்.