ஏழு மணி எட்டு மணியானால்...

காலை 7 மணிக்கும் 8 மணிக்கும் என்ன பெரிய வித்தியாசம்? பிள்ளைக்குத் தலைவாரி, டிபன் கட்டி, பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடும் எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்லுவாள்!

போலீஸில் இருக்கும் பெண்களுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்க 50 வருஷம் ஆயிற்று. தமிழகத்தில் பெண் போலீஸ் வந்தது 1973-ல். 'ரோல் கால்' என்னும் காலை அணிவகுப்புக்கு 7 மணிக்கே போய் நிற்க வேண்டும். 2023 மார்ச்சில் பொன்விழா நடந்தபோதுதான், இனி 8 மணிக்கு வந்தால் போதும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார்.

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிச் சகோதரிகளுக்கு இது ஊரார் கதை அல்ல. 2022-ல் ஆவடிக்கென்றே தனி கமிஷனர் அலுவலகம் வந்துவிட்டது. பட்டாலியன் குடும்பங்களோ ரொம்ப காலமாகவே நம் அண்டை வீட்டார்.

தலைவர்கள் போகும் வழியில், ஒதுங்க இடமில்லாமல் வெயிலில் கால்கடுக்க நின்ற பெண் காவலர்களை நாம் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! அந்தச் சாலையோர பந்தோபஸ்துக்குப் பெண்களை நிறுத்த வேண்டாம் என்று 2021 ஜூனில் உத்தரவு வந்தது. அதே வருஷம் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று அரசாணையும் வந்தது. ஆனால் அரசாணை வேறு, ஸ்டேஷனில் டூட்டி போடுகிற நோட்டு வேறு, இல்லையா? ஒருத்திக்குப் பண்டிகை லீவு, இன்னொருத்திக்கு எப்பவும் நைட் டூட்டி என்றால் யாருக்குத்தான் வேலையில் மனசு ஒட்டும்? 1966-ம் வருஷச் சட்டப்படி போலீஸார் இஷ்டம்போல் சங்கம் அமைத்துக் கேட்கவும் முடியாது. நியாயம் மேலிருந்துதான் வர வேண்டும்.

லீவு இல்லை என்றால்கூட, ஏன் இல்லை என்று மரியாதையாகச் சொன்னால் பாதி மனக்கசப்பு போய்விடும். 1990-ல் ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஓர் ஆய்வு வெளியிட்டார். தொழிற்சாலைகளில் கொஞ்ச காலத்துக்குச் சம்பளத்தைக் குறைத்தார்கள். காரணத்தை விளக்கி, வருத்தமும் தெரிவித்த இடத்தில் திருட்டு குறைவு. ஒப்புக்கு ஏதோ சொல்லி முடித்த இடத்தில் அதிகம்! மாமியார் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு ஆராய்ச்சியே வேண்டியதில்லை, போங்கள்.

நாளைக்கு நாமே ஒரு புகாரோடு மகளிர் காவல் நிலையப் படியேறினால், எதிரே உட்கார்ந்திருப்பவள் தூக்கமில்லாமல் எரிந்து விழுகிறவளா, நிதானமாகக் கேட்கிறவளா என்பதும் அந்த டூட்டி நோட்டைப் பொறுத்ததுதான்.

இன்னொரு விஷயம். பிரசவ விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர்களுக்கு, பெற்றோர் அல்லது கணவர் வீட்டார் இருக்கும் மாவட்டத்திலேயே 3 வருஷம் பணி கொடுக்கப்படும் என்று 2024 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. பக்கத்து வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் காவலர் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள். வாயால் கேட்காமல் மனுவாக எழுதிக் கொடுக்கட்டும். நகல் ஒன்று தன்னிடமும் இருக்கட்டும்.