கொல்லைச் சேறு ஏன் காய்வதில்லை?

மழை நின்று இரண்டு நாளாகிவிட்டது. தெரு மணல் காய்ந்துவிட்டது. கொல்லைக் களிமண்ணோ இன்னும் வழுக்குகிறது. பாட்டி விழப் பார்த்தார். ஏன் இந்த வேறுபாடு?

மணல் பருக்கைகளுக்கிடையே பெரிய இடைவெளிகள் உண்டு. நீர் தன் எடையாலேயே கீழே இறங்கிவிடும். களிமண் துகள்கள் 0.002 மில்லிமீட்டரைவிடச் சிறியவை. அவற்றின் நுண்ணிய இடுக்குகளில் நீர் இறுகப் பற்றிக்கொள்கிறது. மேலே இரண்டு கூடை மணல் கொட்டுவது நம் வழக்கம். அதைச் சேறு விழுங்கிவிடும்!

சுட்ட சுண்ணாம்பு போடலாமா? 56 கிராம் சுண்ணாம்பு 18 கிராம் நீருடன் சேர்ந்து நீறும். கால்சியம் அயனிகள் களித்துகள்களைத் திரளச் செய்யும். சாலை போடுவோர் கையாளும் முறை இது. ஆனால் கொதிக்கும் சுண்ணாம்பு தெறித்தால் கண் போய்விடும், நீங்கள் தொடவேண்டாம்.

மண்வெட்டியை எடுங்கள். சுவரைவிட்டு விலகிச் சரியும்படி வாய்க்கால் வெட்டுங்கள். தேங்கிய நீர் வடிந்தபின் மிச்ச ஈரத்தை வெயிலும் காற்றும் பார்த்துக்கொள்ளும்.